மாமனாருக்குப் போன இரண்டு படங்கள்

என் மாமனார் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். மனைவியை இளவயதிலேயே இழந்து, தமக்கையாரின் துணையோடு ஒரே மகளை வளர்த்தவர். நான் அந்த மகளைக் கட்டி, அரசாங்கம் கொடுத்த காணியையும் ஏற்றுக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் குளத்துக்குக் கீழே குடியேறப் புறப்பட்ட அன்று, அவர் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காட்டுக்குப் போறவை போங்கோ. காய்ச்சலும் யானையும் பாம்பும் திண்டது போக மிச்சம் இருந்தால் திரும்பி வாங்கோ. என்ரை கால் அங்கை படாது."

சொன்னபடியே அவர் கால் படவில்லை. எங்களுக்கு மகன் பிறந்தான். அப்போதும் வரவில்லை. நான் போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே கூரைக் கிடுகில் செருகி வைக்கிறார் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். என் மனைவி குசினிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டால் விறகு ஈரம் என்பாள். மாசி வெயிலில் காய்ந்த விறகு எப்படி ஈரமாகும்? அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஐயா ஒருக்கால் இங்கே வந்து, பேரனைத் தூக்கி, நாலு நாள் நிற்கவேண்டும். கோயிலுக்குப் போனாலும் அவள் கேட்டது இதைத்தான். எனக்குத் தெரியும், அவள் மெதுவாகக் கும்பிடத் தெரியாதவள்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒருவர் சைக்கிளில் கருவாடு கொண்டு வருவார். நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போவார். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், ஆனால் வெள்ளிக்கிழமையில் எங்கள் படலையைத் தட்டமாட்டார். நாங்கள் அன்று மீன் மச்சம் தொடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். என் மனைவியின் துக்கத்தைக் கேட்டுவிட்டு அவர் ஒரு யோசனை சொன்னார்.

"அண்ணை, கடிதம் பிரிக்காத மனிசனும் படம் எண்டால் பிரிச்சுப் பாப்பான். உறையைத் தடவினவுடனை தடிப்புத் தெரியுமெல்லோ. அக்காவையும் பிள்ளையையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

"படத்துக்கு எங்கை போறது?"

"எங்கடை ஊரிலை ஒரு ஸ்ரூடியோக்காரர் இருக்கிறார். கொழும்பிலை படப்போட்டி ஒண்டாம். அதுக்கு ரெண்டு தாய்மாரையும் ரெண்டு பிள்ளையளையும் தேடித் திரியிறார். ஒரு தாய் என்ரை மனுசி. மற்றவா வயல்காரப் பொம்பிளையா இருக்கவேணுமாம். அக்கா வந்து நிண்டால் உங்கடை குடும்பப் படத்தைச் சும்மா எடுத்துத் தருவார்."

சும்மா என்றதும் நான் பொங்கலுக்கு உடுத்த வேட்டியை எடுத்துத் தோய்க்கப் போட்டேன். மனைவி பெட்டியிலிருந்து கலியாணக் கூறைச் சேலையை எடுத்து உதறினாள்.

ஸ்ரூடியோ என்பது ஒரு கிடுகு வீடும் முற்றமும். முற்றத்தில் ஒரு சீலை தொங்கியது. அதிலே மாடிப்படியும் அன்னப்பட்சியும் எழுதியிருந்தது. அதற்கு முன்னால் மூன்று காலில் பெட்டி. படக்காரர் மெலிந்த மனிதர். பேசும்போது எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் ஆகாயத்தைப் பார்ப்பார்.

"மனிசர் உடுப்பாலை பிரிஞ்சு போனம், அண்ணை. கரையாருக்கு ஒரு உடுப்பு, வயல் செய்யிற கமக்காரருக்கு ஒரு உடுப்பு. நான் உடுப்பைக் கலக்கப்போறன். வயல்காரி கரையின்ரை கலியாணச் சேலை உடுக்கிறா. தலையிலை போடுற வெள்ளை முக்காட்டுக்குப் பதிலா மீன்வலை. மீன்காரி உங்கடை கூறை உடுக்கிறா. தலையிலை கிரீடத்துக்குப் பதிலா நெற்கதிர். பிள்ளையளையும் மாத்திப் பிடிக்கினம். பாக்கிறவன் எது ஆற்றை பிள்ளை எண்டு தேடுவான். தேடித் தேடிக் களைச்சுப்போய், எல்லாம் எங்கடை பிள்ளைதானே எண்டு விடுவான்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாதிதான் விளங்கியது. ஆனால் அந்தப் பாதி நல்லதாகத்தான் பட்டது. எல்லா உயிரிலும் சிவன் இருக்கிறான் என்று எங்களுக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவன் மீன்வலைக்குள்ளும் இருப்பான்தானே. இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவைத்தேன்.

"பொட்டை அழிக்க விடமாட்டன். தாலியும் கழட்டேலாது."

"ஒண்டையும் கழட்டவேண்டாம். உள்ளது உள்ளபடி இருக்கட்டும். மேலாலை போடுவம்."

பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு என் மனைவி வெளியே வந்தாள். கழுத்து மூடிய கைச்சட்டை, வெள்ளைச் சேலை. எங்கள் பக்கத்தில் தாலி அறுத்தவர்தான் வெள்ளை உடுப்பது. ஆனால் கருவாட்டுக்காரரின் மனைவி, தான் கோயிலில் மாலை மாற்றிய சேலையை, பெட்டிக்குள் பூப்போலக் காத்துவைத்திருந்ததை, என் மனைவிக்கு உடுத்திவிட்டு, பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். அவளுக்கு முன்னால் நான் முகம் சுளிக்கலாமா? வாய்க்குள் ஒரு தேவாரத்தின் முதல் அடியைச் சொல்லிக்கொண்டேன்.

படக்காரர் வலையைப் போர்த்தினார். அது புருவம் வரைக்கும் இறங்கி வந்து பொட்டை மூடிக்கொண்டது.

"இஞ்சாருங்கோ, எனக்கு மூச்செடுக்கேலாது," என்றாள் என் மனைவி. "நெத்தலி மணக்குது."

"அது நெத்தலி இல்லை அக்கா, சூடை," என்றாள் மற்றவள். அவள் எங்கள் கூறைச் சேலையில் நின்று, நெற்கதிர்க் கிரீடத்தோடு தன் புருஷனைக் கேட்டாள்: "சிவப்பு எனக்கு எடுப்பா இருக்குதோ?"

"ராணி மாதிரி இருக்கிறாய்," என்றார் அவர். அதற்குள் படக்காரர் வீட்டுக் கோழிகள் நெல்லைக் கண்டுவிட்டன. ஒரு சேவல் பறந்து ராணியின் தோளிலே ஏறியது. நாங்கள் இரண்டு ஆண்களும் படம் எடுத்து முடியும் வரைக்கும் கோழி கலைத்ததுதான் வேலை.

பிள்ளைகளை மாற்றிக் கொடுத்தார்கள். கத்தப்போகுதுகள் என்று பயந்தோம். என் மகன் மீன்காரியின் தலையிலிருந்த கதிரை எட்டிப் பிடித்துத் தின்னப் பார்த்தான். கமக்காரன் பிள்ளை அல்லவா. மற்றப் பிள்ளை என் மனைவியின் வலைக்குள் மூக்கை வைத்து ஒருதரம் மணந்தது. அதற்கு வீட்டு மணம் வந்திருக்கவேண்டும். அப்படியே அவள் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டது. படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, "இதுதான்! இதுதான்!" என்று கத்தினார்.

அதன் பிறகு அவரவர் உடுப்புக்கு மாறி எங்கள் குடும்பப் படம். என்னைக் கைப்பிடி வைத்த கதிரையில் இருத்தி, மனைவியைப் பக்கத்தில் பிள்ளையோடு நிறுத்தினார். கலியாணத்தில் படம் எடுக்கவில்லை என்று நான் வாய் தவறிச் சொன்னேன். அவர் உடனே ஒரு துணிப்பூ மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார்.

"ஆடாதேங்கோ. மூச்சு விடாதேங்கோ. மூடியைத் திறக்கிறன்."

இங்கேதான் என் பழக்கம் என்னைக் கெடுத்தது. கோயிலில் திரை விலகும்போது கண்ணை மூடிக் கும்பிட்டுப் பழகியவன் நான். எல்லாரும் மூச்சடக்கி நிற்க, எதிரே ஒரு மூடி விலக, என் கண் தானாக மூடிக்கொண்டது. "சிவசிவா" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. படக்காரர் மூடியைத் திரும்பப் போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன். யாரும் கவனிக்கவில்லை. படம் கழுவியதும் ஒன்றை மாமனாருக்குத் தானே தபாலில் போடுவதாகவும், எங்கள் படத்தைக் கருவாட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிப் படக்காரர் விலாசம் கேட்டுக்கொண்டார். நாங்கள் பஸ் ஏறினோம்.

அவர் சொன்னபடி செய்தார். சொன்னதற்கு மேலும் செய்தார். என் கண் மூடியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்து அவருக்கு மனம் கேட்கவில்லையாம். இதை மட்டும் அனுப்பினால் வடிவில்லை என்று, தன் போட்டிப் படத்திலும் ஒன்றை, என் மனைவி மட்டும் பிள்ளையோடு நிற்கிற பாதியை, சேர்த்து அனுப்பியிருக்கிறார். அதன் அடியில் வெள்ளை மையால், "மனிதர் எல்லோரும் ஒன்று" என்று எழுதியும் விட்டார்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுக்காதவர்களுக்கும் செத்த அன்று ஒரு படம் கட்டாயம் எடுப்பார்கள். திருநீறு பூசி, மாலை போட்டு, பெண்சாதி பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி எடுப்பார்கள். சிலரைக் கதிரையில் சாய்த்து வைத்தும் எடுத்ததுண்டு.

மாமனார் உறையைப் பிரித்து முதலில் பார்த்தது என்னை. நெற்றி நிறைய நீறு, கழுத்தில் மாலை, கண் மூடிக் கதிரையில் இருக்கிறேன். பக்கத்தில் அவருடைய மகள் சிரிக்காமல் நிற்கிறாள். அடுத்த படத்தில் அதே மகள் வெள்ளைச் சேலையில், தலையில் முக்காடு, நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலி தெரியவில்லை. தோளில் பிள்ளை சோர்ந்துபோய்க் கிடக்கிறது.

நாங்கள் இதெல்லாம் அறியோம். வயலில் கதிர் முற்றி நின்ற நேரம். இரவெல்லாம் யானை கலைத்துவிட்டு, காலையில் வாய்க்காலடியில் வயல் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டு நின்றேன். கருவாட்டுக்காரர் சைக்கிளில் போனார், படம் கொண்டுவாறன் என்று கத்தினார், கையைக் காட்டினேன். அவர் போகிற வழியில் இரண்டொரு வீட்டுக்குக் கருவாடு கொடுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். நானும் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

வீட்டுப் பக்கம் ஒப்பாரி கேட்டது. மனைவி பிள்ளையோடு குளத்துக்குத் தோய்க்கப் போவதாகச் சொன்னவள். குளம்! முருகா என்று ஓடினேன். வேலியடிக்கு வந்தபோதுதான் ஒப்பாரியின் சொற்கள் காதில் விழுந்தன.

"கதிர் முத்தி நிக்குதே, என்ரை ராசா, கட்ட ஆளில்லாமல் போச்சே! காடு வெட்டின கை, என்ரை ராசா, கட்டையிலை போச்சே!"

மாமனாரின் தமக்கையாரின் குரல். வேலித் தடிகளுக்கிடையால் பார்த்தேன். பூட்டிய வீட்டுக்கு முன்னால், முற்றத்து மண்ணில் அவர் குந்தியிருந்து மாரில் அடித்தார். பக்கத்தில் மாமனார் தலையில் துண்டைப் போட்டபடி இருந்தார். அயல்காணிக்காரர் மூன்று நான்கு பேர் ஓடி வந்து, என்ன ஏது என்று தெரியாமலே வேலியோரம் முகம் தொங்கப்போட்டு நின்றார்கள்.

"ஒரு கெட்ட சொல்லு வாயிலை வராத பிள்ளை," என்று மாமனார் அழுதார். "கும்பிடாமல் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டான். நான்தான் அவன்ரை முகத்துக்கு நேரை ஒரு நல்ல வார்த்தை சொல்லேல்லை. தங்கம்! தங்கத்தைக் காட்டுக்கை விட்டிட்டன். ஒரு சுருட்டுக் குடிச்சிருப்பானோ?"

சுருட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. மடியிலிருந்ததைக் கையால் பொத்திக்கொண்டேன். உடனே உள்ளே போயிருக்கவேண்டும், உண்மைதான். ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. இன்னும் ஒரு வாக்கியம் கேட்டுவிட்டுப் போவோம் என்று நின்றேன். ஒரு வாக்கியம் முடிய இன்னொன்று வந்தது.

அந்த நேரம் கருவாட்டுக்காரர் வந்து சேர்ந்தார். முற்றத்தைக் கண்டதும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடிப்போய் நிலத்தில் குந்தியிருந்து "ஐயோ" என்று அழத் தொடங்கினார். நன்றாக அழுத பிறகு பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"ஆர் செத்தது?"

"தெரியாமலோ அழுதனி?"

"முதல்லை அழுவம், பேந்து கேப்பம் எண்டு..."

"இந்த வீட்டுக்காரர்தானாம். அந்தா, மாமன் வந்திருக்கிறார்."

கருவாட்டுக்காரர் எழும்பிவிட்டார். முகம் வெளிறிப்போய், நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். "அப்ப வாய்க்காலடியிலை எனக்குக் கையைக் காட்டினது ஆர்?"

இதற்கு மேல் நிற்கக்கூடாது என்று நான் செருமிக்கொண்டு படலையைத் திறந்தேன். உடம்பெல்லாம் சேறு, நெற்றியில் காலையில் பூசிய நீறு. பெரியமாமி ஒப்பாரியின் நடுவில் நிமிர்ந்தார். "என்ரை ராசா" என்ற சொல் பாதியில் நின்றது. அப்படியே பின்புறம் சாய்ந்தார். அயலவர் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் மட்டும் அசையவில்லை. என்னைக் கால் தொடங்கித் தலை வரைக்கும் பார்த்தார். பிறகு மடியிலிருந்து படங்களை எடுத்துப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"படத்துக்கு இருக்கேக்கை கண் மூடிப்போச்சு மாமா."

"ஏன் மூடினனீர்?"

"கும்பிட்டனான்."

"பெட்டியையோ?"

அதற்குள் தோய்த்த துணி மூட்டையைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலுமாக என் மனைவி வந்துவிட்டாள். முற்றம் நிறையச் சனம், நடுவில் தகப்பன், மாமி மயங்கிக் கிடக்கிறார். மூட்டை மண்ணில் விழுந்தது.

"ஐயா! ஆருக்கு என்ன? சொல்லுங்கோ ஐயா!"

மாமனார் என்னைக் கையால் காட்டினார். "இவருக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். சுகமாக நிற்கிறேன். அவள் அழுதுகொண்டே சிரிக்கத் தொடங்கினாள். மாமனாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஓம், சிரியுங்கோ! என்னைக் காட்டுக்கை இழுக்கிறதுக்குச் செத்தமாதிரிப் படம் எடுத்திருக்கிறியள். மாங்குளத்திலை பஸ் மாறி, வழி முழுக்க அழுது, பஸ்ஸிலை இருந்த சனமெல்லாம் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தது. அந்தச் சனத்துக்கு நான் இனி என்ன சொல்லுவன்? இந்த வெள்ளைச் சேலைக்கு என்ன சொல்லுறியள்?"

கருவாட்டுக்காரர் முன்னுக்கு வந்தார். "ஐயா, அது என்ரை மனுசின்ரை கலியாணச் சேலை."

"கலியாணத்துக்கு வெள்ளையோ?"

"ஓம் ஐயா. எங்கடை கோயில்லை பொம்பிளை வெள்ளைதான் உடுக்கிறது. அது நல்லநாள் பெருநாளிலைதான் பெட்டியாலை எடுப்பம்."

"முக்காடு?"

"மீன்வலை."

"பிள்ளை? பேரப்பிள்ளை தேப்பன் இல்லாமல் மெலிஞ்சு போச்செண்டு அதுக்கு வேறை அழுதனான்."

"அது என்ரை பிள்ளை ஐயா. சுகமாத்தான் இருக்குது."

மாமனார் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். அடியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "மனிதர் எல்லோரும் ஒன்று. இதைத்தானே செத்த வீட்டிலை எல்லாரும் சொல்லுறவை. நான் வேறை என்னெண்டு நினைக்கிறது?" பிறகு கருவாட்டுக்காரரின் கண்ணைப் பார்த்தார். அது இன்னும் சிவந்துதான் இருந்தது. "நீ எங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை ஐயா. கருவாடு விக்கிறனான்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். கையை நீட்டி என் மகனை வாங்கினார். வாங்கியவர் கீழே விடவேயில்லை.

அன்றே நான் கோயிலுக்குப் போய் ஐயரிடம் சந்தேகம் கேட்டேன். உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் துடக்கு, தீட்டு ஏதும் உண்டோ? ஐயர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருநீற்றுத் தட்டு ஆடியது. "துடக்கு இல்லை. ஆயுள்தான் கூடும். ஆனா உம்மடை பேரிலை ஒரு அர்ச்சனை செய்யும், சுவாமியும் குழம்பியிருக்கப்போறார்." செய்தேன்.

மறுநாள் காலையில் மனைவி முகம் வாடியிருந்தாள். ஐயா முதல் பஸ்ஸுக்கே போகப்போகிறார் என்று அவளுக்குப் பயம். கால் படாது என்று சொன்ன மனிதர். ஏமாந்து வந்த கால், நிற்குமா? அவர் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு நெற்கதிரை உருவி வாயில் போட்டு மென்றபடி வந்தார். திண்ணைக் குந்திலே இருந்தார்.

"பஸ் எத்தினை மணிக்கு எண்டு கேக்கட்டோ ஐயா?" என்றாள் அவள்.

"என்னத்துக்கு?"

"நீங்கள் போறதுக்கு..."

"பிள்ளை, நான் என்னத்துக்கு வந்தனான்? செத்த வீட்டுக்கு. செத்த வீட்டுக்கு வந்த தாய் தேப்பன் எட்டுச் செலவு முடியாமல் போறதோ? எங்கடை சனத்திலை இல்லாத வழக்கமெல்லாம் காட்டிலை வந்து பழகியிருக்கிறியள்."

"வாயைக் கழுவுங்கோ ஐயா! அவர் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார்!"

"இருக்கட்டும். அதுக்காக முறையை மாத்தேலாது."

எட்டுச் செலவு என்பது செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது. மாமனார் என்னை வேலியோரம் கூப்பிட்டு, சுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். "உமக்குச் சாப்பாட்டிலை என்ன விருப்பம்?" அதுவரைக்கும் அவர் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "கூழ், மாமா," என்றேன்.

எட்டாம் நாள் கருவாட்டுக்காரரும் மனைவியும் பிள்ளையும் நண்டும் இறாலும் கொண்டுவந்தார்கள். பெரியமாமி பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்தார். ஊரிலிருந்து வரும்போது செத்த வீட்டுச் செலவுக்கென்று கட்டிக்கொண்டு வந்த மாவாம். பனையோலையை மடித்துக் குடிக்கப் பிளா கோலி எல்லாரும் வட்டமாக முற்றத்தில் இருந்தோம். கருவாட்டுக்காரர் அவசரத்தில் பிளாவை வாய்க்குக் கொண்டுபோனார். மாமனார் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பொறு தம்பி. செத்தவருக்குப் படைக்காமல் மற்றாக்கள் வாய் வைக்கக்கூடாது."

என்று சொல்லி, முதல் பிளாவைத் தன் கையால் நிறைத்து, இறால் பார்த்துப் பார்த்துப் போட்டு என்னிடம் நீட்டினார். என் மனைவி "சிவசிவா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். நல்ல உறைப்பு. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ மாமா," என்றேன்.